பட்டையைக் கழற்றத் தெரியாதவர்கள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எவெலியோ பாழாக்கியது நாலாவது சுருட்டு. காகிதப் பட்டையை இழுத்தான், அதோடு சுருட்டைச் சுற்றியிருந்த மேலிலையும் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்து வந்தது. கிழிந்த இடத்தில் புகை ஒழுகியது. ஓடிலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொறு, பொறுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். காதுல விழுதா, இல்லையா?"

"விழுது, விழுது. மூணாவது மாடிக்காரனுக்கே விழுது."

"இன்னும் ரெண்டு விரல்கட்டகூட எரியல. அதுக்குள்ள உன் கைக்கு என்ன அரிப்பு?"

"பட்டையோட சுருட்டு குடிக்கிறது டை கட்டிக்கிட்டுக் குளிக்கிற மாதிரி இருக்கு, கிழவி. என்னால முடியல."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தொழிற்சாலையில் மூன்று பேர் உட்கார்ந்து, அவள் பட்டை போட்ட சுருட்டுகளைக் குடித்துப் பார்த்து, அவள் வேலை சரியா தவறா என்று சொல்லப்போகிறார்கள். அந்த மூன்று பேரில் இந்த மகானுபாவனும் ஒருவன்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை. கடல் தாண்டி எங்கிருந்தோ ஒரு வியாபாரி எழுதியிருந்தான். மூன்று பெட்டிகளில் பட்டையைக் கழற்றும்போது மேலிலையும் சேர்ந்து கிழிகிறதாம், வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்களாம். பெட்டிக்குள் இருந்த சீட்டையும் கூடவே அனுப்பியிருந்தான். சீட்டில் ஆறாம் எண் மேசை. ஆறாம் எண் மேசை என்றால் ஓடிலியா.

போன வாரம் இயக்குநர் பெனித்தெஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு பேசினார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பேச வாகாக இருந்திருக்கும்.

"பசை இலைமேல பட்டிருக்கு, தோழர். வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

"படல, தோழர். ஒன்பது வருஷமா பட்டை போடுறேன். கடுகளவு பசை. காகிதத்தோட ஒரு நுனியில மட்டும். மறு நுனி அதுமேல படியும். இலையில என் விரல்கூடப் படாது."

"அப்ப ஏன் கிழியுது?"

"அவங்க இழுக்கிற அவசரத்துல கிழியுது. பத்த வெச்சு மூணுல ஒரு பங்கு எரியிற வரைக்கும் பொறுக்கணும். சூடு ஏறினா பசை இளகும். அப்புறம் ரெண்டு விரலால ஒரு திருப்புத் திருப்பினா தானா வழுக்கிட்டு வரும்."

பெனித்தெஸ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "காசு குடுத்து வாங்கினவனுக்குப் போயி குடிக்கத் தெரியலன்னு எழுதச் சொல்றீங்களா?"

அவரே மேலும் சொன்னார். பசைதான் காரணம் என்று முடிவானால் ஓடிலியா மறுபடியும் நரம்பு உரிக்கும் கூடத்துக்குப் போகவேண்டும்.

அந்தக் கூடத்தில் பதினோரு வருடம் இருந்தவள் அவள். மடியில் பலகை, கையில் ஈர இலை, நடு நரம்பைப் பிடித்து உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஊறின புகையிலையின் காரம் கண்ணில் ஏறும், மூக்கில் ஏறும், கடைசியில் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்தாவது வருடத்தில் இருமல் ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு விசிலடித்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் அலைந்த பிறகுதான் பட்டை மேசையில் அந்த நாற்காலி கிடைத்தது. ஜன்னலோரம். வெளிச்சம், காற்று, உலர்ந்த கை. இருமல் ஆறு மாதத்தில் போய்விட்டது. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதும் மூச்சை விடுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

"சோதனை பண்ணிப் பாருங்க" என்று அவள்தான் கேட்டாள். "அதே சரக்குல ரெண்டு பெட்டி கிடங்குல இருக்கு. குடிச்சுப் பாருங்க."

பெனித்தெஸ் ஒப்புக்கொண்டார். ஒரு குழுவும் போட்டார். தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் தொர்ரால்பா, சுருட்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் நிக்காசியோ, சுருட்டு சுற்றுபவர்களில் ஒன்பதாம் தரக்காரனான எவெலியோ. அவன் இவளுடைய புருஷனாயிற்றே என்று யாரோ இழுத்ததற்கு, "இந்தத் தொழிற்சாலையில யாருக்கு யாரு சொந்தமில்ல? அப்படிப் பாத்தா ஹவானாவுலேருந்துதான் ஆள் வரணும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

ஓடிலியாவுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. இந்த ஊரில் பட்டையைக் கழற்றத் தெரிந்த மனிதன் யார்?

ஒருவனும் கிடையாது. சத்தியமாகக் கிடையாது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் சிவப்பும் பொன்னுமாகப் பட்டை போட்டு அடுக்குகிறார்கள். போட்டது போட்டபடி பெட்டிக்குள் போய், பெட்டி கப்பலுக்குப் போய்விடுகிறது. தொழிலாளிகளுக்குத் தினமும் கையில் கொடுப்பது பட்டையில்லாத சுருட்டு. மொட்டை என்றுதான் அதற்குப் பெயர். இயக்குநரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோரும் பிறந்ததிலிருந்து மொட்டை குடித்தவர்கள். புகையை வாயில் வாங்கிய உடனே எந்தத் தோட்டத்து இலை, எத்தனை வருடம் ஊறியது என்று சொல்லிவிடுவார்கள். பட்டையோடு ஒன்றைக் கையில் கொடுத்தால் முழிப்பார்கள். இதை அவள் பட்டை போடும் இடத்தில் சொன்னபோது அங்கிருந்த இருபது பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது.

அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், பார்த்திருக்கிறாள். முன்னொரு தரம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு மனிதர் அவள் மேசைக்கு எதிரிலேயே நின்று ஒன்றைப் பற்றவைத்தார். பேசிக்கொண்டே குடித்தார். பட்டையைத் தொடவே இல்லை. பாதியை நெருங்கும்போது இரண்டு விரலால் மெல்ல ஒரு திருப்பு. அவள் மாட்டிய பட்டை மாட்டிய மாதிரியே வட்டமாகக் கழன்று வந்தது. தன் வேலைக்கு மறுமுனை ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

அதனால்தான் வீட்டில் இந்தப் பயிற்சி. அச்சு கோணலாகி ஒதுக்கிப்போட்ட பட்டைகளை மேற்பார்வைக்காரியிடம் கேட்டு வாங்கிவந்து, எவெலியோவின் மொட்டைகளுக்கு அவளே போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை இரண்டைக் கிழித்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு.

"நாப்பது வருஷமா சுருட்டு சுத்துறேன்" என்றான், கிழிந்த நாலாவதைச் சாம்பல் தட்டில் நசுக்கிக்கொண்டே. "எனக்கு நீ சுருட்டு குடிக்கச் சொல்லித் தர்றியா?"

"குடிக்க இல்லய்யா, கழட்ட! சுத்துறதுல நீ ராஜா, ஒத்துக்கிறேன். இதுல நீ கைக்குழந்தை."

"கைக்குழந்தைக்குக் காபி கெடைக்குமா?"

"வாய் மட்டும் குறைச்சலே இல்ல."

அவனுடைய பெருமை ஊருக்கே தெரிந்ததுதான். ஒன்பதாம் தரம்தான் உச்சம், அந்தத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் அது கிடையாது. போன வருடம் கொடுத்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு, வானொலிப் பெட்டிக்கு மேல் மாட்டியிருந்தான். யார் வந்தாலும் அதற்குக் கீழேதான் உட்காரவைப்பான்.

புதன்கிழமை பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டான். ஆனால் வானொலியில் பேஸ்பால் ஆட்டம் சூடு பிடித்ததும் சுருட்டை மறந்தான், சுருட்டு அணைந்தது. மறுபடியும் பற்றவைத்தான், மறுபடியும் அணைந்தது. ஆறிப்போன சுருட்டில் பட்டையைப் பிடித்து இழுத்தான்.

"கிழிஞ்சுது" என்றான், ஏதோ மழை வந்தது என்று சொல்வதைப் போல.

ஓடிலியா கரண்டியைத் தொட்டியில் வீசினாள். "உனக்கு ஆட்டம்! எனக்கு நெஞ்சு! நான் மறுபடி அந்தக் கூடத்துக்குப் போனா மறு வருஷம் எனக்குச் சவப்பெட்டி செய்யணும். அது புரியுதா, இல்ல அதுக்கும் ஒரு ஆட்டம் முடியணுமா?"

எவெலியோ வானொலியை அணைத்துவிட்டான். பிறகு அவள் தோளில் கைவைத்து, "நாளைக்குப் பாரு" என்றான்.

வியாழக்கிழமை வந்தது. வானொலி இல்லை, பேச்சு இல்லை. முப்பத்தைந்து நிமிடம். எரிந்துவந்த நெருப்புக்கும் பட்டைக்கும் நடுவில் மூன்று விரல் அகலம் இருக்கும்போது அவன் இரண்டு விரலால் பட்டையைத் தொட்டான். மெல்லத் திருப்பினான். அவன் முகம் மாறியது.

"ஏ... வழுக்குது!"

"இழுக்காத. திருப்பு. இன்னும் கொஞ்சம். ம்... இப்ப."

பட்டை வட்டமாகவே கழன்று வந்தது. இலையில் ஒரு கீறல் இல்லை. எவெலியோ அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப்பிடித்துப் பார்த்தான், சின்னப் பையன் மாதிரி எழுந்து சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டான், அவள் கன்னத்தில் முத்தம் வைத்தான். "விரலுக்கே தெரியுதுடி! கழலும்போது விரல்ல ஒரு மாதிரி தெரியுது!" என்று நாலு தரம் சொன்னான். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. கூட்ட அறையில் நீள மேசை. ஒரு முனையில் பெனித்தெஸ். ஆஸ்துமா வந்ததிலிருந்து அவர் குடிப்பதில்லை, குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் குழுவினர் மூன்று பேர். சுவரோரம் ஒரு நாற்காலியில் ஓடிலியா. கிடங்கிலிருந்து வந்த பெட்டியின் முத்திரையை எல்லோர் முன்னாலும் உடைத்தார்கள். பெரிய, தடித்த சுருட்டுகள். இருபத்தைந்து பட்டைகளும் ஒரே உயரத்தில், படம் மேல்நோக்கி, நூல் பிடித்த மாதிரி நின்றன. தன் கைவேலையைப் பார்த்ததும் ஓடிலியாவுக்குத் தைரியம் வந்தது.

தொர்ரால்பா ஒன்றை எடுத்தார், முகர்ந்தார், விரலால் அழுத்தினார். பிறகு, நெருப்புக்குச்சியைத் தொடுவதற்கு முன்பே பட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, பத்த வைங்க முதல்ல!" ஓடிலியா எழுந்தேவிட்டாள்.

"உக்காருங்க, தோழர்" என்றார் பெனித்தெஸ். "நீங்க சம்பந்தப்பட்டவங்க. நடுவுல பேசக்கூடாது."

"பேசாம எப்படி இருக்கிறது? பச்சையா இழுத்தா..."

"தோழர்!"

உட்கார்ந்தாள். தொர்ரால்பாவின் கையில் பட்டையும், பட்டையோடு ஒட்டிய ஒரு துண்டு இலையும் இருந்தன. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கிழியுது" என்று குறிப்பேட்டில் எழுதினார்.

நிக்காசியோ பற்றவைத்தார். ஓடிலியா மனதுக்குள் அவரைக் கும்பிட்டாள். ஆனால் நிக்காசியோ வாயைத் திறந்தால் மூடாத மனிதர். மைத்துனன் வாங்கிய பன்றி எப்படி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் போனது என்று ஆரம்பித்தார். பன்றி தாண்டியது, சுருட்டு அணைந்தது. பற்றவைத்தார். பன்றியைப் பிடிக்க ஆள் வந்தது, சுருட்டு அணைந்தது. ஓடிலியா முந்தானை இருந்தால் கடித்திருப்பாள், இல்லாததால் கைக்குட்டையைக் கடித்தாள். மூன்றாம் தரம் அணைந்ததும் நிக்காசியோ, "சரி, கழட்டித்தான் பாத்துருவோம்" என்று நகத்தால் நெம்பினார். கிழிந்தது.

"ரெண்டுக்கு ரெண்டு" என்றார் தொர்ரால்பா.

மிச்சம் எவெலியோ. அவன் முதலிலேயே பற்றவைத்திருந்தான். சத்தமில்லாமல், சீராக, ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. பட்டையை அவன் தொடவே இல்லை. சாம்பல் வெள்ளையாக, நேராக நின்றது. ஓடிலியாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் தொர்ரால்பா கிழிந்த இரண்டு சுருட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு கேள்வியைப் போட்டார்.

"பசைத்தடம் இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பசை இல்லன்னா இலைதான். மேலிலைய ரொம்ப இழுத்துச் சுத்தினா இப்படித்தான் காகிதமா மெலிஞ்சுபோகும். ரெண்டுல ஒன்னு. இந்த அளவு சுருட்டு யாரு சுத்துறது?"

நிக்காசியோ பன்றியை மறந்து நிமிர்ந்தார். அந்தப் பெரிய சுருட்டைச் சுற்றுவதற்குத் தொழிற்சாலையில் ஒரே ஒருவனுக்குத்தான் தரம் உண்டு.

"எவெலியோதான்" என்றார் பெனித்தெஸ், தயங்கித் தயங்கி. "சரி, எவெலியோவோட சுருட்டு எப்படி வருதுன்னு பாப்போம். அது கிழிஞ்சா பசை. கிழியலன்னா... இலையப் பத்தித்தான் யோசிக்கணும்."

இது எந்த ஊர் நியாயம்! கிழியாவிட்டால் இலையும் நன்றாக இருக்கிறது, பசையும் நன்றாக இருக்கிறது என்றல்லவா அர்த்தம்? ஓடிலியா வாயைத் திறந்தாள். பெனித்தெஸ் கையைத் தூக்கினார். அவள் மூடிக்கொண்டாள். போகட்டும், கழன்று வரட்டும், வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

நெருப்பு பட்டையை நெருங்கியிருந்தது. மூன்று விரல் அகலம். எவெலியோ இரண்டு விரலைப் பட்டைமேல் வைத்தான். திருப்பினான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பட்டைப் படத்தில் இருந்த பொன்கிரீடம் மேலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்தது. பட்டை சுழன்றது. தடையே இல்லாமல் சுழன்றது. அவ்வளவுதான், இனி மேலே தள்ளினால் போதும்.

எவெலியோ தள்ளவில்லை. கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். தொர்ரால்பாவைப் பார்த்தான். பிறகு பட்டைக்கு அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து அழுத்தி இழுத்தான்.

கிழிந்தது.

"பசைதான், தோழர்" என்றான். "இரும்பா ஒட்டியிருக்கு."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். ஒருவன் இழுத்தான், கிழிந்தது. பட்டை அதற்கு முன்பே சுழன்றதும், சுழன்றால் என்ன அர்த்தம் என்பதும் அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் இப்போது சாம்பல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரல் நகத்துக்குள் பழுப்பாக ஒரு துணுக்கு இலை இருந்தது.

ஓடிலியாவுக்கு முதலில் காது அடைத்துப்போனது. பெனித்தெஸ் ஏதோ சொன்னார், ரொம்ப வருத்தம் என்றார், திங்கட்கிழமை என்றார். உரிக்கும் கூடம் என்ற சொல் வந்ததும் அவளுக்குக் காது திறந்துகொண்டது. எழுந்தாள். மேசைக்கு நடந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தாள்.

"நான் குடிக்கிறேன்."

"உங்களுக்குப் பழக்கமே இல்லையே, தோழர்?" என்றார் பெனித்தெஸ்.

"இவங்களுக்கெல்லாம் பழக்கம்தானே? என்ன கிழிச்சாங்க?"

நிக்காசியோவின் கத்தரியை வாங்கி நுனியை வெட்டினாள். யாரும் தடுப்பதற்குள் பற்றவைத்துவிட்டாள். முதல் இழுப்பிலேயே நெஞ்சு எரிந்தது. இருமினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "உள்ள இழுக்கக்கூடாது, ஓடிலியா, வாயோட விடணும்" என்று நிக்காசியோ பதறினார். வாயோடு விட்டாள். பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. இருபது நிமிடத்தில் வயிறு புரட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தொர்ரால்பா கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம்..." என்று இழுத்தார்.

"ஒருத்தரும் எழுந்திருக்கக்கூடாது" என்றாள். "என்னை அனுப்பப்போறது ஆயுசு முழுக்க. நீங்க உக்காரப்போறது அரை மணி நேரம்."

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எவெலியோவும்தான். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மூன்று விரல் அகலம் வந்த பிறகும் அவள் இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள். பிறகு இரண்டு விரலை வைத்தாள். திருப்பினாள். மேலே தள்ளினாள். பட்டை கழன்றது. வட்டம் கலையாத பட்டையைப் பெனித்தெஸின் முன்னால், அந்த வியாபாரியின் கடிதத்தின்மேல் வைத்தாள். சுருட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். இலை வழவழவென்று முழுசாக இருந்தது.

"ஒன்னு வந்துட்டா போதுமா?" என்றார் தொர்ரால்பா.

"இன்னொன்னு குடிக்கட்டுமா?" அவள் பெட்டிக்குக் கையை நீட்டினாள். அவள் முகம் பச்சையாக இருந்தது.

"வேணாம், வேணாம்!" என்றார் பெனித்தெஸ். பட்டையைக் கையில் எடுத்து உள்பக்கம் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவர் விரலில் போட்டுப் பார்த்தார், கழற்றினார். "பசையில தப்பில்ல. அப்ப இலை..."

"இலைதானே இது? கிழிஞ்சுதா?" ஓடிலியா சுருட்டை மறுபடியும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இலையும் நல்லாருக்கு, சுத்தினதும் நல்லாருக்கு. இந்த மேசையில கைதான் ஒன்னும் சரியில்ல."

எவெலியோ தன் கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

ஆறாம் எண் மேசை அவளுக்கே என்று பெனித்தெஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாபாரிக்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அது அவர் பாடு. ஓடிலியா நேராகக் கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். பக்கத்து மேசை சுலேமா ஓடிவந்து தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள்.

"ஜெயிச்சுட்டியாமே! உன் புருஷன் அங்கேயே இருந்தது நல்லதாப் போச்சு, இல்ல?"

ஓடிலியா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் எவெலியோ அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"எப்படியோ, ரெண்டு பேருமே தப்பிச்சோம், கிழவி."

அவள் ரோட்டைப் பார்த்தாள். பேருந்து வரும் அறிகுறி இல்லை.

"பட்டை சுழண்டுது" என்றாள். "உன் விரலுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவன் தொப்பியைப் போட்டான், மறுபடியும் எடுத்தான். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் நின்றிருந்தாள்.

"தெரிஞ்சுது" என்றான்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவனுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

"நீயே யோசிச்சுப் பாரு. ஒன்பதாம் தரம் போச்சுன்னா நான் மறுபடியும் சின்னச் சுருட்டு சுத்தணும். நேத்து வந்த பொண்ணுங்களோட ஒரே வரிசையில. ஊரே சிரிக்கும். நீ அந்தக் கூடத்துல பதினோரு வருஷம் இருந்தவ. உனக்கு அது பழக்கம்தானே?"

ஓடிலியா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஏறிய புகை இன்னும் இறங்கவில்லை. ஒரு இருமல் வந்தது. இருமி முடித்தாள்.

பேருந்து வந்தது. ஏறினார்கள். ஜன்னலோரம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அவன் முண்டியடித்துப் போய் அதைப் பிடித்து, தொப்பியை வைத்துக் காவல் காத்து, "வா, உக்காரு, உடம்பு சரியில்ல உனக்கு" என்று கூப்பிட்டான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.